பாதி அடுப்பு காலியாக இருக்கட்டும்

உருண்டையாக, மூன்று காலில், மூடியோடு நிற்கும் கெட்டில் கிரில்லை இப்போது நம் தாமான்களில் அடிக்கடி பார்க்க முடிகிறது. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு, ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை, பிறந்தநாள் என்று ஆண்டுக்கு நாலைந்து முறை வெளியே இழுத்து வைத்துக் கரி மூட்டுகிறோம். மீதி நாளெல்லாம் அது பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்திக் கிடக்கும். அடுப்பு வாங்கிய பிறகுதான் செலவே தொடங்குகிறது. இணையக் கடையில் ஒருமுறை அதன் பெயரைத் தட்டிவிட்டால் போதும், கூடை, கூம்பு, கம்பி, விசிறி, வெப்பமானி என்று ஒரு மாதத்துக்கு நம்மைத் துரத்தும்.

என் அக்காள் மகனை அப்படித்தான் துரத்தியிருக்கிறது. போன வாரம் புலனத்தில் ஒரு பட்டியல் அனுப்பினான். பதினொரு சாமான்கள். கூட்டிப் பார்த்தால் 900 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. அவன் அடுப்பை வாங்கிய விலையே அவ்வளவு இல்லை. "மாமா, இதுல எதை எடுக்கலாம், எதை விடலாம்?" என்று கேட்டிருந்தான்.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு அவன் வாட்டிய கோழித்தொடை வெளியே கன்னங்கரேல் என்று இருந்தது. உள்ளே எலும்பை ஒட்டிய சதை வேகாமல் வழுவழுவென்று இருந்தது. என் அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பேரன் ஆசையாகக் கொடுத்ததை ஒரு கடி கடித்தவர், ஒன்றும் சொல்லாமல் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அதை மூடி வைத்துவிட்டார். மிச்சக் கோழி முழுவதும் மைக்ரோவேவுக்குள் போனது. வருகிற ஜனவரியில் என் அக்காளுக்கு அறுபது வயது. நாற்பது பேர் வருகிறார்கள். "வெளியில எடுக்க வேண்டாம்மா, கோழியை நானே வாட்டுறேன்" என்று தாயிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். அவன் மனைவி என்னைத் தனியாக அழைத்து, "நீங்க சொன்னா கேப்பாரு மாமா, அடுப்பை விட சாமானுக்கு அதிகமா காசு போகுது" என்றாள். ஆக, இந்த வாரப் பத்தி அவனுக்கும், அவனைப் போலப் பட்டியலோடு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும்.

முதலில் ஒன்று. கோழி வேகாமல் போனதற்கு அடுப்போ அதில் இல்லாத சாமானோ காரணமில்லை. கரியை அடியில் முழுவதும் பரப்பி, அதற்கு நேர் மேலே தொடையை அடுக்கினான். தீக்கு நேர் மேலே இருக்கும் தோல் ஐந்து நிமிடத்தில் கருகும். எலும்பு வரை சூடு போய்ச் சேர அரை மணிக்கு மேல் வேண்டும். கருகுகிறதே என்று பயந்து எடுத்தால் உள்ளே பச்சை. உள்ளே வேகட்டும் என்று விட்டால் வெளியே கரி. இதற்கு வழி, கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறு பக்கம் வைத்து, மூடியைப் போடுவது. சூடு மூடியில் பட்டுத் திரும்பி இறைச்சியைச் சுற்றி வரும். அடுப்பு அப்போது அவனாகிவிடுகிறது. வெந்த பிறகு கடைசி இரண்டு மூன்று நிமிடம் கரிப் பக்கம் நகர்த்தி நிறம் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு மண்டலச் சமையல் என்று பெரிய பெயர் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான்.

இந்த அடுப்பு பிறந்ததே மூடிக்காகத்தான். 1952இல் சிகாகோ பக்கம் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே செய்துகொண்டிருந்த கடல் மிதவையின் இரும்பு உருண்டையை இரண்டாக்கி, கீழ்ப் பாதியை அடுப்பாகவும் மேல் பாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றும் மழையும் அவருடைய திறந்த அடுப்பைக் கெடுத்ததுதான் காரணம். நம்மவர்கள் பலர் அந்த மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சமைக்கிறார்கள். சாத்தேக்கு அது சரி. மெல்லிய இறைச்சி, நேரடித் தீ, கையில் விசிறி. அதற்கு இரண்டு மண்டலமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எலும்போடு இருக்கும் கோழிக்கும் ஆட்டுத் தொடைக்கும்தான் மூடி.

அமெரிக்கக் காணொலிகளில் இந்த முறையை மாட்டிறைச்சித் துண்டை வைத்தே காட்டுகிறார்கள். எனக்கென்னவோ இது நம் மசாலாவுக்காகவே கண்டுபிடித்தது போலத் தோன்றுகிறது. தயிர், மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் அப்பிய கோழியை நேர்த் தீயில் வைத்தால் மசாலா கசந்துவிடும். தேங்காய்ப்பால் பூசும் பெர்ச்சிக்கும் அப்படித்தான், கிச்சாப் மானிஸ் தடவுவதும் அப்படித்தான். காலிப் பக்கத்தில் வைத்தால் மசாலா மெல்லக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை, தேன், கிச்சாப் மூன்றையும் கடைசிப் பத்து நிமிடத்தில் பூசினால் போதும்.

இனிப் பட்டியல். எந்தச் சாமானைப் பார்த்தாலும் நான் கேட்பது, இது கரியை ஒரு பக்கம் நிறுத்துமா, அந்தக் கரிக்குக் காற்றுப் போக விடுமா என்பதுதான். இரண்டும் இல்லையென்றால் அது அலங்காரம்.

கரியை நிறுத்த அவன் பட்டியலில் மூன்று சாமான்கள் இருந்தன. ஒன்று, வளைந்த இரண்டு கம்பிக் கூடைகள். அடுப்பின் வளைவுக்கு ஏற்றபடி இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே பக்கம் வைக்கலாம். பக்கத்துக்கு ஒன்றாக வைத்து நடுவில் முழுக் கோழியையும் வைக்கலாம். கெட்டியான கம்பியாக இருந்தால் பல வருடம் வரும். மெல்லிய தகடாக இருந்தால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும், வாங்காதீர்கள். இரண்டாவது, ஸ்லோ என் சியர் என்ற அமெரிக்கச் சாமான். கரித்தொட்டியும் அதை ஒட்டித் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தது. தண்ணீர் நடுவில் இருப்பதால் கரியின் அனல் இறைச்சியை நேராக அடிக்காது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பலன் ஆட்டுத் தொடையை நாலைந்து மணி நேரம் மெல்ல வேக வைப்பவருக்குத்தான். முக்கால் மணியில் இறக்கிவிடும் கோழிக்கு அந்த விலை அதிகம். வெட்டிவிட்டேன்.

மூன்றாவது கூம்பு. வோர்டெக்ஸ் என்ற பெயரில் வந்தது, இப்போது பெயரில்லாமலும் கிடைக்கிறது. இதை அடுப்பின் நடுவில் வைத்து, உள்ளே கரியைக் கொட்டி, ஓரத்தில் வட்டமாக இறைச்சியை அடுக்க வேண்டும். கோழி இறக்கைக்கு இதை மிஞ்சிய சாமான் இல்லை. எண்ணெய் இல்லாமலே தோல் மொறுமொறுவென்று வரும். இதைப் பற்றிக் கீழே இன்னொரு கணக்கு இருக்கிறது, அதனால் உடனே வெட்டவில்லை.

கூடைக்குப் பதிலாக நான் முதலில் சொல்வது செங்கல். வீடு கட்டும் செங்கல் அல்ல, தீச்செங்கல். ஹார்ட்வேர் கடையில் "பாத்தா தஹான் அப்பி" என்று கேளுங்கள். ஒரு கல் 23 சென்டிமீட்டர் நீளம், 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம், 6 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கும். கரி தாங்கும் அடித்தட்டின் மேல் இரண்டை நீளவாக்கில் நிமிர்த்தி வைத்து, லேசாக வளைவாக நிறுத்தினால் சுவர் தயார். 57 சென்டிமீட்டர் அடுப்புக்கு இரண்டு கல் போதும். கடைக்குப் போகுமுன் அடித்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையே எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். கல் சூடேற நேரம் எடுக்கும். ஏறிய பிறகு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் முறை கொஞ்சம் கரி போட்டு மெதுவாகக் காய வையுங்கள். தோட்டத்துக் கல், சிமெண்டுக் கல், ஆற்றுக் கல் எதுவும் வேண்டாம். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

அதே ஹார்ட்வேர் கடையில் ஜிங்க் பூசிய கம்பி வலை மலிவாகக் கிடைக்கும், அதை வெட்டிக் கூடை செய்துகொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தப் பூச்சு கரிச் சூட்டில் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசிப்பது கெடுதல். பூச்சில்லாத இரும்பும் எவர்சில்வரும் மட்டுமே அடுப்புக்குள் போகலாம்.

அடுத்தது, பட்டியலின் கடைசியில் அவன் அரை மனதோடு சேர்த்திருந்தது: இரு ஓரமும் கதவு போலத் திறக்கும் மேல்தட்டு. நான் அதை மேலே தூக்கி வைத்தேன். கரி முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தணியும். சாதாரணத் தட்டாக இருந்தால் மேலே இருக்கும் கோழியெல்லாவற்றையும் இறக்கி, கொதிக்கும் தட்டைத் தூக்கி, கரி போட்டு, மறுபடி அடுக்க வேண்டும். குழந்தைகள் ஓடும் வீட்டில் அந்த வேலை வேண்டாம். கதவுத் தட்டில் ஓரத்தைத் திறந்து இடுக்கியால் நாலு கரியைப் போட்டு மூடிவிடலாம். கதவு கரிப் பக்கத்துக்கு நேராக இருக்கும்படி தட்டை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அடுப்பின் அளவுக்குச் சரியான தட்டா என்று விட்டத்தை அளந்து வாங்குங்கள். 47க்கு எடுத்தது 57க்கு உள்ளே விழுந்துவிடும்.

கரி மூட்ட சிம்னி. இது ஒரு தகர உருளை, கைப்பிடி வைத்தது. மேலே கரி, கீழே செய்தித்தாள். படித்து முடித்த பிறகு இந்த ஞாயிறு இணைப்பே அதற்குப் போதும். கால் மணி, இருபது நிமிடத்தில் மேல் கரி சாம்பல் பூக்கும். அப்படியே கல்லுக்குப் பின்னால் கொட்டலாம். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. மூடி போட்டுச் சமைக்கும்போது அந்த வாடை வெளியே போக வழியில்லாமல் இறைச்சியில்தான் இறங்கும். சிம்னியை வெட்ட வேண்டிய கேள்வியே இல்லை.

கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் நல்ல கரிக்குப் பஞ்சமில்லை. பேராக்கில் தைப்பிங்குக்குப் பக்கத்தில் கோல செப்பெத்தாங் கரிச் சூளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குவிந்த கூரையோடு பெரிய புற்று மாதிரி நிற்கும். அங்கே பாக்காவ் மரம் ஏறக்குறைய ஒரு மாதம் சூளைக்குள் கிடந்து கரியாகிறது. மரம் வருவது சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலிருந்து. 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி நட்டுப் பராமரிக்கிறார்கள். பாக்காவ் கரி நல்ல சூடு, சாம்பல் குறைவு. தொல்லை என்னவென்றால் மூட்டையில் முழங்கை நீளத் துண்டும் இருக்கும், பொடியும் இருக்கும். பெரியதைக் கை முஷ்டி அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். பொடி அடித்தட்டின் கம்பி இடுக்கில் விழுந்து காற்றை அடைக்கும். அதற்கு விலை குறைந்த வழி, இன்னொரு அடித்தட்டு வாங்கி, முதல் தட்டின் மேல் கம்பிகள் குறுக்கே வரும்படி வைப்பது. தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கட்டி ஒரே அளவாக, நிதானமாக எரியும்; நீண்ட நேரச் சமையலுக்கு அதுவே மேல். சாம்பல் மட்டும் கூடுதல்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன். அது அவன் பட்டியலிலேயே இல்லை. கூரிய முனையுள்ள சின்ன டிஜிட்டல் வெப்பமானி. கோழி வெந்ததா என்று நாம் நிறத்தைப் பார்க்கிறோம், கத்தியால் குத்தி வரும் நீரைப் பார்க்கிறோம். இளங்கோழியில் நன்றாக வெந்த பிறகும் எலும்போரம் சிவப்பாகத் தெரியும். சில நேரம் வெள்ளையாகத் தெரிவது சரியாக வெந்திருக்காது. நிறத்தை நம்ப முடியாது. எலும்பைத் தொடாமல், சதையின் தடித்த இடத்தில் முனையை விட்டுப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் வந்தால் கோழி பாதுகாப்பானது. தொடைக்கு நான் 80க்கு மேல் போக விடுவேன், அப்போதுதான் எலும்பை விட்டுச் சதை கழன்று வரும். எண்பது வயதுப் பல்லுக்கும் நாலு வயது வயிற்றுக்கும் ஒரே தட்டில் பரிமாறுகிறோம். ஊகத்தில் விடக்கூடாத இடம் இது. பத்துத் தொடை இருந்தால் பத்தையும் குத்திப் பார்க்க வேண்டியதில்லை. கரிக்கு மிகத் தூரத்தில் இருப்பதைப் பாருங்கள்.

மூடியில் ஏற்கெனவே வெப்பமானி இருக்கிறதே என்பான். அது மூடிக்குக் கீழே உள்ள காற்றைச் சொல்கிறது, கோழியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மூடியைத் திருப்பும் திசையைப் பொறுத்து அது கரிக்கு நேர் மேலே போய் நின்று, இறைச்சிப் பக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். மூடியின் காற்றுத் துளை இறைச்சிப் பக்கம் இருக்க வேண்டும். சூடும் புகையும் கரியிலிருந்து கிளம்பி, இறைச்சியைத் தாண்டி, அந்தத் துளை வழியாக வெளியேறும். துளையைக் கரிப் பக்கம் வைத்தால் சூடு நேராக மேலே போய்விடும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் கீழ்த் துளை. மேல் துளை எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

மற்றதையெல்லாம் வேகமாக வெட்டினேன். காற்றை அளந்து ஊதும் மின் விசிறிக் கருவி வேண்டாம். சுழலும் கம்பி வேண்டாம், ஆசை இருந்தால் அடுத்த வருடம். கம்பித் தூரிகை கண்டிப்பாக வேண்டாம்: அதன் முள் உதிர்ந்து தட்டில் ஒட்டி, இறைச்சியோடு வயிற்றுக்குள் போயிருக்கிறது, அறுவை சிகிச்சை வரை போனவர்கள் இருக்கிறார்கள். அலுமினியத் தாளைக் கசக்கி இடுக்கியில் பிடித்துத் தேய்த்தால் தட்டு சுத்தமாகும். நீண்ட இடுக்கி ஒன்று, தடித்த கையுறை ஒன்று. ஈரத் துணியால் சூடான பிடியைப் பிடிக்காதீர்கள், உலர்ந்த துணியைவிட வேகமாகச் சுடும். காலிப் பக்கத்தில் கல்லுக்கு முன்னால் வைக்க அலுமினியத் தட்டு, பேக்கரிச் சாமான் கடையில் கிடைப்பது. அதில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றினால் சொட்டும் கொழுப்பு கருகாது.

இப்போது நாற்பது பேர் கணக்கு. 57 சென்டிமீட்டர் அடுப்பில் பாதி காலியாக விட்டால், அந்தப் பாதியில் முழுத் தொடை பத்து பிடிக்கும். நெருக்கி அடுக்கினால் இடையே சூடு போகாது. ஒரு சுற்று முக்கால் மணி நேரம். நாற்பது தொடைக்கு நாலு சுற்று, மூன்று மணி நேரம். விருந்தினர் ஏழு மணிக்கு வந்தால் கடைசித் தொடை பத்து மணிக்கு! எந்தச் சாமான் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. அவனிடம் சொன்னேன்: "தொடையை விடுப்பா, இறக்கையும் காலும் வை." கூம்பை நடுவில் வைத்தால் சுற்றிலும் வளையமாகக் கிடைக்கும் இடம் பாதி அடுப்பைவிட அதிகம், இறக்கை வேகவும் நேரம் குறைவு. அதனால்தான் கூம்பை வெட்டாமல் வைத்திருந்தேன். பெரியவர்களுக்கு மட்டும் பத்துத் தொடை, மாலை நாலரைக்கே கல் வைத்து முதல் சுற்றாக வாட்டி, வீட்டு அவனில் மூடிச் சூடாக வைத்துக்கொள்ளலாம். அந்த அவன் 60 டிகிரிக்குக் கீழே போகாமல் இருக்கட்டும். பச்சைக் கோழி எடுத்த இடுக்கியும் தட்டும் வெந்த கோழிக்கு வரக் கூடாது, அதற்கு இன்னொரு ஜோடி வேண்டும். இதைப் பட்டியலில் யாரும் போடுவதில்லை.

கடைசியில் நின்றது சிம்னி, வெப்பமானி, கதவுத் தட்டு, கூம்பு, இரண்டு தீச்செங்கல், இரண்டு இடுக்கி, கையுறை, அலுமினியத் தட்டுகள். முதலில் சொன்ன தொகையில் பாதிக்கும் கீழே. தொகையைப் பார்த்து அவன் மனைவி சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினாள். அவன் மின் விசிறிக் கருவியைப் பற்றி இன்னும் ஒருமுறை கேட்டான்.

மாலை நேரம், நம் ஊர் மழையை நம்ப முடியாது. தூறல் என்றால் மூடி இருக்கிறது, அடுப்பு பாட்டுக்குச் சமைக்கும். கொட்டுகிறதே என்று அதை வரவேற்பறைக்குள்ளோ சமையலறைக்குள்ளோ, கதவடைத்த கேரேஜுக்குள்ளோ தள்ளிக்கொண்டு போகாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய இடத்தில் அது ஆளைக் கொன்றுவிடும். நாலு பக்கமும் காற்று ஓடும் கூடாரத்துக்குக் கீழே, துணி உயரமாக இருந்தால் வைக்கலாம். சமைத்து முடிந்ததும் மேலும் கீழும் துளைகளை மூடிவிட்டால் கரி தானாக அணையும். மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை மட்டும் அன்றிரவே அள்ளாதீர்கள், உள்ளே நெருப்பு மறைந்திருக்கும். நம் வீட்டுக் குப்பைத் தொட்டிகள் எல்லாம் பிளாஸ்டிக்.